‘லேசா ஷாக் அடிக்குது...’ - பாத்ரூமில் கேட்கும் இந்த வார்த்தையை அலட்சியப்படுத்தாதீர்கள்!

“ஏங்க... பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருனு இருக்கு. நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு.”

“கீசரை ஆஃப் பண்ணிட்டுக் குளி. ஞாயித்துக்கிழமை எலெக்ட்ரீஷியனை வரச் சொல்றேன்.”

ஏறக்குறைய இதே வார்த்தைகளில் இந்தப் பேச்சு பல வீடுகளில் நடந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருவதில்லை. ஒரு வாரம் செருப்பு போட்டுக்கொண்டு குளிப்பார்கள், அடுத்த வாரம் பழகிவிடும். ‘எங்க வீட்டு கீசர் கொஞ்சம் ஷாக் அடிக்கும், பார்த்துக் குளிங்க’ என்று ஊரிலிருந்து வந்த விருந்தாளியிடம் சிரித்துக்கொண்டே சொல்லும் வீடுகளும் உண்டு.

அந்த ‘சுர்’ என்ன என்பதைப் புரிந்துகொண்டால், யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

இன்று ஏன் லேசாக இருக்கிறது?

கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ‘எலிமென்ட்’, உண்மையில் ஓர் உலோகக் குழாய். அதன் நடுவே மின்கம்பிச் சுருள் ஓடும். சுருளுக்கும் வெளிக் குழாய்க்கும் இடையே மெக்னீசியம் ஆக்ஸைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். இந்தத் தூள் வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. கீசரின் பாதுகாப்பே இந்தத் தூளில்தான் இருக்கிறது.

நம் ஊரில் பாதி வீடுகளுக்கு போர் தண்ணீர்தான். பக்கெட்டின் அடியிலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளையாக உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே உப்பு எலிமென்ட்டின் மேல் ஓடுபோலப் படிகிறது. வெப்பம் தண்ணீருக்குப் போக முடியாமல் எலிமென்ட் அளவுக்கு மீறிச் சூடாகி, ஒருநாள் மயிரிழை அளவுக்கு விரிசல் விடுகிறது. அதன் வழியே தண்ணீர் உள்ளே புகுந்து தூளை நனைக்கிறது. அதுவரை சுருளுக்குள் அடங்கியிருந்த மின்சாரம், இப்போது தண்ணீருக்கும் டேங்கின் உலோக உடலுக்கும் குழாய்க்கும் வெளியேறத் தொடங்குகிறது.

முதல் சில நாள்களில் விரிசல் சிறியது, கசிவும் சிறியது. குழாயைத் தொடுபவரின் கை காய்ந்திருக்கலாம், காலில் ரப்பர் செருப்பு இருக்கலாம். அதனால் ‘சுர்’ரோடு நின்றுவிடுகிறது. விரிசல் பெரிதாகும்போது அந்த ‘சுர்’ முன்கூட்டிச் சொல்லிவிட்டு வளர்வதில்லை. உடல் முழுக்க சோப்பு நுரையோடு, வெறுங்காலில், நனைந்த தரையில் நிற்பவருக்கு அதே கசிவு வேறு கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். காய்ந்த தோல் மின்சாரத்தை நன்றாகவே தடுக்கும். நனைந்த உடலின் தடையோ சுமார் 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 230-ஐ 1,000-ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர். உடலில் 1 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உணர முடியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டும்போது கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகலாம். ‘கரன்ட் இழுத்துப் பிடிச்சுக்கிச்சு’ என்று சொல்கிறோமே, அது இதுதான். 30-ஐத் தாண்டினால் மூச்சு சிரமமாகும். அதற்கு மேல் போகப்போக, இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கும் ஆபத்து. 230 எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

“எங்க வீட்ல ட்ரிப்பர் இருக்கே!”

இதுதான் அடுத்து வரும் பதில். மெயின் போர்டில் வரிசையாக நிற்கும் எம்.சி.பி. ஸ்விட்சுகளைக் காட்டி, ‘ஏதாவது ஆனா இது தானா விழுந்துடும்’ என்பார்கள். விழும். ஆனால், அது உங்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த கருவி அல்ல. வயரைக் காப்பாற்ற வைத்தது.

2,000 வாட் கீசர் சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போட்டிருப்பார்கள். 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லி ஆம்பியர். மனித உடலில் 230 மில்லி ஆம்பியர் பாயும்போது, அதைக் கூடுதலாக ஒரு பல்பு எரிவதாகத்தான் எம்.சி.பி. எடுத்துக்கொள்ளும். அசையாது.

உயிரைக் காப்பாற்றும் கருவி வேறு. அதன் பெயர் ஆர்.சி.சி.பி. மின்வாரிய அறிவிப்புகளில் ஆர்.சி.டி. என்று இருக்கும். பழைய எலெக்ட்ரீஷியன்கள் இ.எல்.சி.பி. என்பார்கள். கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் இதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். எம்.சி.பி-யைவிட அகலமாக, ஒரு சின்ன ‘டெஸ்ட்’ பட்டனோடு இருக்கும்.

இது வேலை செய்யும் விதம், கோயில் வாசலில் செருப்பு டோக்கன் கொடுப்பதைப் போன்றது. எத்தனை டோக்கன் கொடுத்தார்களோ, அத்தனையும் திரும்பி வர வேண்டும். ஃபேஸ் கம்பி வழியாக வீட்டுக்குள் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று இந்தக் கருவி ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும் ‘எங்கோ கசிகிறது’ என்று முடிவுகட்டி, அரை நொடிக்கும் குறைவான நேரத்தில் மெயினைத் துண்டித்துவிடும். ஷாக்கே அடிக்காது என்று அர்த்தமில்லை. அடிக்கும், தூக்கிவாரிப் போடும், ஆனால் இதயம் தடுமாறும் முன்பே மின்சாரம் நின்றுவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கருவியின் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100, 300 மில்லி ஆம்பியர் வகைகளும் கடையில் உண்டு. அவை கசிவால் தீப்பிடிப்பதைத் தடுப்பதற்கானவை, உடலுக்கு உதவாதவை. பழைய வீடுகள் சிலவற்றில் ‘ஆர்.சி.சி.பி. இருக்கு’ என்று நம்பிக்கொண்டிருப்பது இந்த வகையாகக்கூட இருக்கலாம்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் இந்தக் கருவியைக் கேட்கின்றன. எல்லா வீடுகளிலும் இதைப் பொருத்தும்படி தமிழ்நாடு மின்வாரியமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இருந்தும், பூஜை அறைக்கு கிரானைட் தேடித்தேடி வாங்கும் வீடுகள்கூட இந்தச் சில ஆயிரம் ரூபாயில் மிச்சம் பிடிப்பதுதான் விந்தை.

நீச்சல் குளத்திலிருந்து வந்த யோசனை

அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்தவர் சார்லஸ் டால்ஸில். ‘மின்சாரம் எவ்வளவு பாய்ந்தால் மனிதனால் கையை விடுவித்துக்கொள்ள முடியாது?’ என்ற கேள்விக்கு விடை தேட, முன்வந்த தன்னார்வலர்களின் கைகளில் சிறு அளவு மின்சாரத்தைப் பாய்ச்சி அளந்தார். அந்த எல்லை ஆண்களுக்குச் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் என்றும், பெண்களுக்கு 10.5 என்றும் தெரியவந்தது. அந்த அறிவை வைத்து 1961-ல், நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை உருவாக்கினார்.

அங்கே விதிப்புத்தகம் இந்த வகைக் கருவியை முதலில் கேட்டது நீச்சல் குளங்களுக்குத்தான். 1975-ல் வீட்டுக் குளியலறை பிளக் பாயின்ட்டுகளுக்கும் கட்டாயமானது. வீட்டுக் கொல்லையில் வைக்கும் ‘ஹாட் டப்’ எனப்படும் வெந்நீர்த் தொட்டிகளுக்குத் தனி அத்தியாயமே உண்டு. கசிவைத் துண்டிக்கும் கருவி இருக்க வேண்டும். தொட்டியைப் பார்த்தபடியே அணைக்கக்கூடிய ஸ்விட்ச் வேண்டும், ஆனால் அது தண்ணீரிலிருந்து 5 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். தொட்டியைச் சுற்றியுள்ள உலோகப் பாகங்களைச் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைக்க வேண்டும். அமெரிக்க வீடுகளில் சாதாரண பாயின்ட்டுகளில் 120 வோல்ட்தான். நம் வீட்டுப் பாத்ரூமுக்குள் வருவது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

சென்னை, கோவை அடுக்குமாடிகளிலும் இப்போது ‘ஜக்குஸி’ தொட்டி வைக்கிறார்கள். அதில் மோட்டார் உண்டு, சிலவற்றில் ஹீட்டரும் உண்டு, மனிதர் அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். டைல்ஸ் ஒட்டும் முன்பே அதற்கெனத் தனி லைன், தனி ஆர்.சி.சி.பி., உலோகப் பாகங்களை இணைக்கும் எர்த் கம்பி ஆகியவற்றை முடித்துவிட வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு, பக்கத்தில் இருக்கும் பாயின்ட்டிலிருந்து ஒயரை இழுத்துக் கொடுப்பவரை அந்த வேலைக்கு விடவே கூடாது.

எர்த் எங்கே போனது?

ஆர்.சி.சி.பி-க்குக் கூடப்பிறந்தது எர்த். கீசர் உடம்பில் கசிவு வந்த நொடியிலேயே, மனிதர் யாரும் தொடும் முன்பே, அது எர்த் கம்பி வழியாக மண்ணுக்கு இறங்க வேண்டும். அப்படி இறங்கினால் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்துவிடும். எர்த் இல்லையென்றால், யாராவது குழாயைத் தொட்டு, அவர் உடல் வழியாகக் கசிவு இறங்கிய பிறகுதான் விழும். கசிவைக் கண்டுபிடிக்கும் வேலையை வீட்டில் இருப்பவர் தலையில் கட்டுவது போலத்தான் இது.

சரி, எர்த் இருக்கிறது, ஆர்.சி.சி.பி. மட்டும் இல்லை. அப்போது? எர்த்தின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 10-ஆல் வகுத்தால் 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு உடனே விழாது, பல நிமிடங்கள் யோசிக்கும். அதுவரை டேங்கும் குழாயும் மின்சாரத்தோடுதான் இருக்கும். ஆகவே, ஒன்று இருந்தால் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை, இரண்டும் வேண்டும்.

நம் வீடுகளில் எர்த் காணாமல் போன கதை கொஞ்சம் சுவாரஸ்யமானது. அந்தக் காலத்தில் தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் இரும்பு. மண்ணுக்குள் நீளமாக ஓடும் அந்தக் குழாயிலேயே எர்த் கம்பியைச் சுற்றிவிட்ட வீடுகள் ஏராளம். முறையானது இல்லை என்றாலும் ஓரளவு வேலை செய்தது. பிறகு துருப்பிடித்த குழாய்களைப் பிடுங்கிவிட்டு, பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். பிளம்பர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனால், அன்றோடு வீட்டின் எர்த் போய்விட்டது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் எர்த் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும், கீசர் சுடும்.

எர்த் குழி இருக்கும் வீடுகளிலும் அதை மறந்துவிடுகிறோம். சுமார் எட்டு அடி ஆழத்தில் குழாயை இறக்கி, உப்பும் கரியும் போட்டு நிரப்பியிருப்பார்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தும் பலவீனமாகும். கோடையில் அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய பழக்கத்தில் அர்த்தம் இருக்கிறது. கார் நிறுத்த சிமென்ட் தரை போட்டபோது குழியையே மூடிவிட்ட வீடுகளும் உண்டு.

இன்னொரு குறுக்குவழி மிகவும் மோசமானது. எர்த் இல்லாத வீட்டில், பிளக் பாயின்ட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். சோதித்துப் பார்த்தால் எர்த் இருப்பதுபோலத் தெரியும். எங்காவது நியூட்ரல் அறுந்தால், அடுத்த நொடி கீசரின் உலோக உடல் முழுக்க 230 வோல்ட் ஏறிவிடும்.

மூன்று முள் பிளக்கில் ஒரு முள் மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது எர்த் முள். செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியாக விலக வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம். ‘சாக்கெட்ல போகலை’ என்று அதை உடைப்பவர்களும், எர்த் துளை இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுபவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலெக்ட்ரீஷியனிடம் என்ன கேட்க வேண்டும்?

புதிய கீசர் வாங்கும்போது, கம்பெனி ஆள் வந்து சுவரில் மாட்டி, குழாய் இணைத்துவிட்டுப் போய்விடுவார். பிளக் பாயின்ட்டுக்குப் பின்னால் இருப்பது அவர் பொறுப்பில்லை. அதைப் பார்க்க, அரசின் மின்கம்பியாள் சான்றிதழ் பெற்றவர் வர வேண்டும்.

மெயின் போர்டிலிருந்து கீசருக்கெனத் தனி லைன் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 2,000 வாட்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் வேண்டும். 3,000 வாட் என்றால் 4 சதுர மி.மீ. நல்லது. ஸ்விட்ச் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். அது டபுள் போல் ஸ்விட்சாக, அதாவது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேரத் துண்டிப்பதாக இருந்தால் மிக நல்லது. சாதாரண ஸ்விட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். வயரிங்கில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், ‘ஆஃப் பண்ணிட்டுக் குளி’ என்ற அறிவுரைக்கு மதிப்பே இல்லை. ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதும் கீசருக்குள் ஃபேஸ் காத்துக்கொண்டிருக்கும்.

வாஷிங் மெஷினைக் குளியலறைக்குள் வைத்திருப்பவர்கள் அதன் பிளக் பாயின்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். குளியல் தொட்டியின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 60 செ.மீ., உயரத்தில் 2.25 மீட்டர் வரையான இடத்தை மிக ஆபத்தான பகுதியாக ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தர அமைப்பின் விதிகள் பிரித்திருக்கின்றன. பிளக் பாயின்ட்டுக்கு அங்கே இடமில்லை.

ஆர்.சி.சி.பி. பொருத்திய புதிதில் அடிக்கடி விழுந்தால், பலரும் செய்யும் தவறு ‘பைபாஸ்’ பண்ணச் சொல்வது. கருவி பொய் சொல்வது அபூர்வம். பழைய கிரைண்டர் மோட்டாரிலோ, மொட்டை மாடி விளக்கிலோ எங்கோ கசிவு இருக்கும். அல்லது இன்வெர்ட்டர் இணைத்தபோது இரண்டு லைன்களின் நியூட்ரலைக் கலந்திருப்பார்கள். ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்க்கப் பொறுமையுள்ள எலெக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, அவ்வளவுதான்.

‘டெஸ்ட்’ பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் வீடு மொத்தமும் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் கருவி செத்துவிட்டது, மாற்ற வேண்டும். ஆனால், இந்தப் பட்டன் எர்த் சரியாக இருக்கிறதா என்று சொல்லாது. அதை எலெக்ட்ரீஷியன் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

வாடகை வீட்டில் இருப்பவர்களின் சங்கடம் தனி. ‘நீங்க வர்றதுக்கு முன்னாடி பத்து வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு’ என்பார் வீட்டு உரிமையாளர். மெயின் போர்டு முழுவதையும் மாற்ற முடியாவிட்டால், கீசர் லைனுக்கு மட்டுமாவது ஆர்.சி.பி.ஓ. போட்டுக்கொள்ளலாம். எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டின் வேலையையும் சேர்த்துச் செய்யும் கருவி அது. வீட்டைக் காலி செய்யும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம்.

பக்கெட்டில் போடும் ஹீட்டர் ராடு

கீசராவது சுவரில் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. ஹாஸ்டல்களிலும் சிறிய வீடுகளிலும் இன்னமும் நம்பியிருப்பது ஹீட்டர் ராடைத்தான். அதில் நடக்கும் விபத்துக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: சூடாகிவிட்டதா என்று ஸ்விட்சை அணைக்காமலேயே விரலை விட்டுப் பார்ப்பது.

ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை படலாம். இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பிளாஸ்டிக் பக்கெட் போதும். ராடில் குறித்திருக்கும் கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ராடு தெருவோரத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். குழந்தைகள் நடமாடும் இடத்தில் பக்கெட்டை வைத்துவிட்டு, அடுப்படிக்குப் போவதும் கூடாது.

அடித்துவிட்டால்...

உள்ளே இருந்து அலறல் கேட்டால், கதவைத் திறந்து ஓடிப்போய்ப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் இயல்பாக வரும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து பலியாவது அப்படித்தான். முதலில் மெயினை அணையுங்கள். வீட்டில் எல்லோருக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கும்கூட, மெயின் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பாட்டிக்கு எட்டாத உயரத்தில் அது இருந்தால், பக்கத்தில் ஒரு மர ஸ்டூல் கிடக்கட்டும். மெயினை அணைக்க வழியே இல்லையென்றால், காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைத் தள்ளி விலக்க வேண்டும். நீங்கள் நிற்கும் இடமும் காய்ந்திருக்க வேண்டும்.

மின்சாரம் நின்றதும் 108-க்கு அழையுங்கள். அவருக்குப் பேச்சும் மூச்சும் இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, 2 அங்குலம் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

சிலர் எழுந்து உட்கார்ந்து, ‘ஒண்ணுமில்ல, லேசாத்தான் அடிச்சுச்சு’ என்பார்கள். அப்போதும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். அவர் திரும்பி வரும்வரை அந்த கீசரின் பிளக் பிடுங்கியே கிடக்கட்டும்.